புள்ளி வைக்க அனுமதி

ஃபிரெட்ரிக் இறந்துபோனதில் எழுத்தொழுங்கு வாரியத்துக்கு எந்தப் பங்கும் இல்லை. சாந்தோமில், தன் வீட்டு நாற்காலியில், காலைப் பூசைக்குக் கிளம்புவதற்காகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது இதயம் நின்று இறந்தார். வாரியத்தின் கைக்கு அவர் போய்ச் சேர்ந்தது அதற்கு அப்புறம்தான்.

வாரியத்தைப் பற்றித் தெரியாத புண்ணியவான்கள் இருக்கக்கூடும். பொது இடங்களில் தமிழ் எழுத்துகள் கண்டபடி அலைகின்றன, அவற்றை ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும் என்று யாருக்கோ ஒருநாள் தோன்றியது. உடனே அதற்கு ஒரு தலைவர், ஒரு குழு, ஒரு கார், தி.நகரில் ஒரு மாடி எல்லாம் கிடைத்தன. எழுத்துகள் என்ன தப்பு செய்தன என்று கேட்பார் இல்லை. கடைப் பலகை, தெருப் பெயர், கல்யாண பேனர், ஆட்டோவின் முதுகில் எழுதுகிற தத்துவம், கல்லறைக் கல் எதுவானாலும் தூரிகையோ உளியோ படுவதற்கு முன்னால் வாசகத்தை வாரியத்தின் செயலியில் ஏற்றியாக வேண்டும். வாரியம் அதைப் பார்த்து முத்திரையிட்டு, எழுத்து எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே ஒரு படமாக்கி வேலைக்காரரின் போனுக்கு அனுப்பும். படத்தில் இருப்பதுதான் கல்லில் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அவர் அதைப் போட்டோ எடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு கீறல் மாறினாலும் உரிமம் போய்விடும்.

ஃபிரெட்ரிக்கின் கல்லுக்கான படம் அக்டோபரில் வந்தது. கல் வெட்டும் நாகராஜ் அதை அப்படியே ஃபிரெட்ரிக்கின் மகன் காஸ்பருக்கு அனுப்பிவைத்தார். இதுதான் படம்:

ஃபிரெடரிக
ஆணடவரில துயிலகிறார

காஸ்பரின் அம்மா ஐவி டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு கான்வென்ட் பள்ளியில் ஆயுசு பூராவும் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். அவருடைய வலது கை தன்னிச்சையாக மேஜைமேல் சிவப்புப் பேனாவைத் தேடியது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை ஓய்வு பெறவில்லை.

“காஸ்பர், டாடி பேர்ல புள்ளி எங்கடா?”

காஸ்பர் போனை வாங்கிப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் அவனுக்கு வியாதி இன்னதென்று தெரிந்துவிட்டது. தெரியாமல் என்ன? பெற்றவனே அவன்தான்.

ஐவி டீச்சரின் மகனுக்கு அடையாறில் ஒரு கம்பெனியில் உத்தியோகம். அது சோற்றுக்கு. அதற்கு மேல், சிலேட்டு என்று ஒன்றை அவன் பத்து வருஷமாகப் பராமரித்து வந்தான். சிலேட்டு செயலி இல்லை. போனில் இருக்கும் செயலிகளுக்கு உள்ளே இருந்துகொண்டு, எழுத்துகளைத் திரையில் வரைந்து கொடுக்கும் நிரல். கொம்பை முன்னால், துணைக்காலைப் பின்னால், புள்ளியைத் தலைமேல் என்று ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் உட்கார வைப்பது அதன் வேலை. விளையாட்டாக எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம், கேட்கவும் வேண்டாம் என்று இணையத்தில் போட்டான். போட்டதில் தப்பில்லை. போட்டவன் பேரையும் சேர்த்துப் போட்டதுதான் தப்பு.

வெயில் காலத்தில் தெருமுனையில் மோர்ப் பந்தல் வைத்தவர்களுக்கு இந்தக் கதை தெரியும். முதல் நாள் கும்பிடுவார்கள். மூன்றாம் நாள் உப்பு குறைச்சல் என்பார்கள். அப்புறம் ஒருநாள், நேற்று ஏன் பந்தல் திறக்கவில்லை என்று வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். காஸ்பரின் கதவைப் பிரேசிலில் இருந்தும் பர்மாவில் இருந்தும் தட்டினார்கள். பஸ்ஸில் போகும்போது அந்தப் புகார்களை எல்லாம் படிப்பான். முக்கால்வாசிப் பேர் பழைய பதிப்பை வைத்துக்கொண்டு, என்றோ சரிசெய்த பிழைக்கு இன்றைக்கு வைவார்கள். அவர்களுக்கு ஒரே பதில்தான் எழுதுவான்: ‘புதிய பதிப்புக்கு மாறவும்.’ எழுதி எழுதி அது விரலில் ஊறிவிட்டது. அடக்கத்தன்று சித்தி ஒருத்தி கட்டிக்கொண்டு, “இனிமே எப்படிப்பா இருப்ப?” என்று அழுதபோது அவன் வாயில் முதலில் வந்தது அந்த வாக்கியம்தான். நல்லவேளையாக இருமல் வந்து தடுத்தது.

அவன் அன்று அழவில்லை. அப்புறமும் அழவில்லை. ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அப்படி ஆள் முழுசும் மரத்துப்போயிருந்தான். எழுந்திருக்க வேண்டும் என்று தெரியும், எழுந்தால் சுருக்கென்று குத்தும் என்றும் தெரியும், அதனால் அப்படியே இருந்தான்.

புள்ளி விஷயத்துக்கு வருவோம். சிலேட்டின் பழைய பதிப்பு ஒன்றில் ஒரு கோளாறு இருந்தது. வரிகள் நெருக்கமாக இருந்தால், தலைக்கு மேல் இடமில்லை என்று புள்ளியைக் கீழே போட்டுவிடும். காஸ்பர் அதைக் கண்டுபிடித்து, ஒரே ஒரு வரியை மாற்றி, சரிசெய்து வெளியிட்டு இரண்டு வருஷம் ஆகிறது. உலகம் மாறிவிட்டது. வாரியத்தின் செயலி மட்டும் பழைய பதிப்பைக் கட்டிக்கொண்டு அழுதது. செயலியின் அடியில், பொடி எழுத்தில், ‘நனறி: காஸபர’ என்று வேறு போட்டிருந்தார்கள்.

முதலில் நாகராஜிடம் பேசிப் பார்த்தான்.

“சார், படத்துல இன்னா கீதோ அத்தத்தான் வெட்டணும்,” என்றார் நாகராஜ். “சிந்தாதிரிப்பேட்டைல நம்ம ஃபிரண்டு ஒர்த்தரு, நல்ல மனசு, ஜூஸ் கடை போர்டுல ரெண்டு புள்ளி சேத்து வெச்சாரு. லைசென்ஸ புடுங்கிட்டாங்க. இப்ப வூட்ல குந்திகினு கீறாரு. எனக்கும் புள்ளகுட்டி கீது சார். கல்லறைத் திருநாளுக்குள்ள ஓணும்னா படத்த மாத்தி வாங்கியா, ஒரே நாள்ல முடிச்சித் தர்றேன்.”

கல்லறைத் திருநாள் நவம்பர் இரண்டாம் தேதி. அன்று ஊரே பூவும் மெழுகுவத்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்கு வரும். அன்றைக்குப் பேர் இல்லாத மண்மேட்டின் முன்னால் நிற்க மாட்டேன் என்று டீச்சர் சொல்லிவிட்டார். தப்பான பேரின் முன்னாலும் நிற்க மாட்டார். சொல்லவில்லை, ஆனால் அது தெரிந்த விஷயம்.

காஸ்பர் வாரியத்துக்குப் புகார் எழுதினான். பிழை இன்னது, தீர்வு இன்னது, ஒரு பொத்தானை அமுக்கினால் போதும் என்று குழந்தைக்குச் சொல்கிற மாதிரி எழுதினான். வாரியம் புகார்களை உட்கார வைக்கிற இடம் அல்ல. இரண்டே நாளில் நடவடிக்கை எடுத்தது. காஸ்பரின் மின்னஞ்சலுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. பேரை மட்டும் செயலியின் திரையைப் பார்த்து அடித்திருந்தார்கள்.

‘தாங்கள் பராமரிக்கும் சிலேட்டு மென்பொருள் குறித்து காஸபர என்பவர் எம்மிடம் புகார் அளித்துள்ளார். அன்னாரை உடனடியாகத் திருப்திப்படுத்தி அறிக்கை அளிக்கவும்.’

அவன் இரண்டு தடவை படித்தான். கோபம் வரும் என்று காத்திருந்தான், வரவில்லை. விரல் பழக்கத்தில் ‘புதிய பதிப்புக்கு மாறவும்’ என்று பதில் போட்டான். அரைமணி நேரத்தில் புகார்தாரருக்கு, அதாவது அவனுக்கே, இன்னொரு அஞ்சல் வந்தது: ‘உங்கள் புகாருக்குப் பதில் கிடைத்துள்ளது. திருப்தியா?’ யோசித்துப் பார்த்து, இல்லை என்று அமுக்கினான். பொய் சொல்ல அவனுக்கு வராது. அதனால் விசாரணைக்கு இருவரும் நேரில் வர வேண்டும் என்று உத்தரவு வந்தது.

வாரியம் இருந்தது தி.நகரில், ஒரு துணிக்கடைக் கட்டடத்தின் உச்சியில். வாரியத்துக்கென்று தனி லிஃப்ட் கிடையாது. கடையின் லிஃப்ட் பட்டுப்புடவைத் தளத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் போகிறவர்கள் புடவைகளுக்கு நடுவே நடந்து, பின்பக்கப் படிக்கட்டில் ஏற வேண்டும். தீபாவளி நேரம். சனக் கடலில் நீந்திக் கரையேறிய காஸ்பரை ஒரு பெண் வழிமறித்து, “வாங்க சார், கல்யாணப் பட்டா, சும்மா கட்டவா?” என்றாள்.

“வாரியம்,” என்றான்.

“ஐயோ,” என்று அவள் வழிவிட்டாள். துக்க வீட்டுக்காரருக்கு வழிவிடுகிற மாதிரி இருந்தது.

மேலே, அலுவலக உதவியாளர் தேவானை, சுவரில் இருந்த திரையைப் பார்த்துக் கூப்பிட்டாள். திரையில் எப்படி இருக்கிறதோ அப்படியே கூப்பிட வேண்டும் என்பது அவளுக்கு இட்ட உத்தரவு.

“மனுதாரர காஸபர! வாங்க! எதிரமனுதாரர காஸபர! வாங்க! இன்னாப்பா, ஒர்த்தன்தான் வர்ற? இன்னொருத்தன் இன்னும் வர்லியா?”

“நான்தான் ரெண்டு பேரும்.”

“அத்த உள்ள சொல்லு,” என்றாள் தேவானை. “எனக்கு ரெண்டு டீ எழுதிகீது. ரெண்டையும் நீயே குடிச்சிரு.”

உள்ளே உதவி நெறியாளர் பத்ரிநாராயணன் இருந்தார். மேஜைக்கு முன்னால் எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலிகள். காஸ்பர் ஒன்றில் உட்கார்ந்து புகாரைச் சொன்னான். அவர் கவனமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு, “சரி, எதிர்மனுதாரர் என்ன சொல்றார்?” என்று காலி நாற்காலியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். காஸ்பர் எழுந்துபோய் அதில் உட்கார்ந்தான்.

“மனுதாரர் சொல்வது நியாயம்தான் சார். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே சரி பண்ணியாச்சு.”

“அப்போ சமரசமாப் போயிடுங்கோளேன் ரெண்டு பேரும்!” பத்ரிநாராயணனுக்கு உண்மையிலேயே சந்தோஷம். “எதுக்கு வீண் விரோதம்?”

“விரோதம் இல்ல சார். நீங்க புதிய பதிப்புக்கு மாறணும், அவ்வளவுதான். காசு கிடையாது.”

அவர் முகம் மாறியது. எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“அதுதான் ஸார் பிரச்சினையே. நீங்க படிச்சவர், புரிஞ்சுப்பேள். காசு கேட்டா டெண்டர் விடலாம், மூணு பேர் வருவா, ஒருத்தருக்குக் கொடுக்கலாம். காசே வேண்டாம்னா நான் அதை எந்தத் தலைப்புல ஏத்துண்டேன்னு எழுதறது? நாளைக்கு ஆடிட்காரன் வந்து, இவன் ஏன் சும்மா கொடுத்தான், இதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு கேட்டா நான் எங்க போறது?”

“ஏற்கெனவே சும்மாதானே எடுத்தீங்க?”

“எடுத்தது எனக்கு முன்னாடி இருந்தவர். அவர் ரிடையர் ஆகி நங்கநல்லூர்ல ஆஞ்சநேயரச் சுத்திண்டிருக்கார். எடுக்கறது வேற, ஏத்துக்கறது வேற. எடுத்தா யாருக்கும் தெரியாது. ஏத்துண்டா கையெழுத்துப் போடணும்.”

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே தானம் கொடுத்தவனின் பல்லையே பிடித்துப் பார்த்தார்கள். அந்த அறைச் சுவரிலும் ஒரு திரை இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்த காஸ்பர், சும்மா இருக்க மாட்டாமல் ஒன்றைச் சொல்லித் தொலைத்தான்.

“சார், உங்க வாரியத்தோட பேரே அதுல ‘எழுததொழுஙகு வாரியம’னுதான் இருக்கு. ரெண்டு வருஷமா.”

பத்ரிநாராயணன் திரும்பிப் பார்த்தார். தினமும் அந்தத் திரைக்குக் கீழே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுகிறவர்தான். இப்போதுதான் முதல் தடவையாகப் படித்தார் போலிருந்தது. பிறகு மெல்ல, “ரெண்டு வருஷம்,” என்றார். “இந்த ரெண்டு வருஷத்துல நாம ஒப்புதல் கொடுத்த போர்டு எத்தனை, தெரு எத்தனை, அத்தனையும் தப்புன்னா ஆயிடும்? அதை ஒத்துக்கறதை விட, புள்ளியே தப்புன்னு ஆக்கிடறது சுலபம் இல்லையோ?”

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று காஸ்பர் நினைத்தான். அவருக்கு வேடிக்கையாகப் பேசத் தெரியாது என்பது அடுத்த வாரம் புரிந்தது.

அடுத்த வாரம் வாரியம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பழந்தமிழர் பனையோலையில் எழுதும்போது புள்ளி வைப்பதில்லை, எழுத்தாணியின் குத்தில் ஓலை கிழியும் என்பதால். அந்த மேன்மையான மரபை இரண்டு ஆண்டுகளாக வாரியம் சத்தமின்றி மீட்டு வந்திருக்கிறது. இனிமேல் பொது இடத்தில் புள்ளி வைக்க விரும்புவோர், தக்க காரணம் காட்டி, வாரியத்தின் முன் அனுமதி பெற வேண்டும்.

டீச்சர் அறிவிப்பைப் படித்துவிட்டுப் புடவை மாற்றிக்கொண்டு வந்தார். “வா, போலாம்.”

“அம்மா, அங்க போய்ப் பிரயோஜனம் இல்ல.”

“உன்ன நான் பிரயோஜனம் கேட்டனா? ஆட்டோவ கூப்பிடு.”

வாரியத் தலைவர் முனைவர் ஜெயலக்ஷ்மி மக்களைச் சந்திக்கும் நாள் அது. பட்டுப்புடவைகளையும் பின்பக்கப் படிக்கட்டையும் கடந்து, மூச்சு வாங்கிக்கொண்டு டீச்சர் அவர் முன்னால் போய் உட்கார்ந்தார். பத்ரிநாராயணன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“எழுத்தை ஒழுங்குபடுத்தும் வாரியம் எழுத்துப் பிழை செய்ய முடியாது,” என்றார் தலைவர். மேடைப் பேச்சுக்கும் சாதாரணப் பேச்சுக்கும் அவரிடம் வித்தியாசம் இல்லை. “ஆகவே, வாரியம் எதைச் செய்கிறதோ அது பிழையாக இருக்க முடியாது. இது எளிய தர்க்கம், அம்மா. புள்ளி ஓலையைக் கிழிக்கும். நம் முன்னோர் மென்மையானவர்கள்.”

“இது ஓலை இல்லம்மா, கல்லு,” என்றார் டீச்சர். “கல்லு கிழியாது.”

“கல் கிழியாது என்பதற்குக் குழுவிடம் அறிக்கை இல்லை.”

பத்ரிநாராயணன் அதைக் குறித்துக்கொண்டார்.

தலைவர் டீச்சரின் மனுவை எடுத்து, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, கொஞ்சம் இளகினார். “மேலும், உங்கள் கணவரின் பெயரில் முதலெழுத்திலேயே மூன்று புள்ளிகள் இருக்கின்றனவே. இந்த வாரியம் ஒப்புதல் அளித்த பெயர்களிலேயே புள்ளி வளம் மிக்க பெயர் இது. எத்தனையோ குடும்பங்கள் ஒரு புள்ளிகூட இல்லாமல் இருக்கின்றன. உங்களுக்கு மேலும் புள்ளிகள் வேண்டும் என்பது…”

“அது ஆய்தம். அது எழுத்து, புள்ளி இல்ல.”

“அதையும் குழு ஆராயும்.”

காஸ்பர் அம்மாவின் கையைப் பார்த்தான். வலது கை, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, இல்லாத ஒரு பேனாவைப் பிடித்திருந்தது. வகுப்பில் யாராவது தொடர்ந்து தப்பாகச் சொன்னால் அவர் இப்படித்தான் இருப்பார் என்று அவரிடம் படித்தவர்கள் சொல்வதுண்டு. அப்புறம் என்ன ஆகும் என்று யாரும் சொன்னதில்லை.

ஒன்றும் ஆகவில்லை. மனுவில், ‘புள்ளி ஏன் தேவை?’ என்ற இடம் காலியாக இருக்கிறது என்று பத்ரிநாராயணன் சுட்டிக்காட்டினார். டீச்சர் அதில் எழுதினார்: ‘அது அவர் பேர்.’ எழுதிவிட்டு எழுந்தார். படியிறங்கும்போது, “காரணம் பத்தாதுன்னுதான் சொல்வாங்க,” என்றார். “நாலு வரிக்குக் குறையாம எழுதுன்னு நானே எத்தன பசங்கள வாட்டியிருக்கேன்.”

ஆனால் பத்தாது என்று வரவில்லை. அதற்குப் பதிலாகப் பத்ரிநாராயணனே போனில் வந்தார். குரலில் தேன் வழிந்தது. ஓலை மரபை மொபைல் யுகத்தில் மீட்டவர் என்ற முறையில் காஸ்பருக்கு வாரியம் விருது வழங்கப்போகிறதாம். மயிலாப்பூரில் ஒரு சபா அரங்கத்தில், பொன்னாடையோடு.

“நான் எதையும் மீட்கல சார். அது என் தப்பு. அதையும் திருத்திட்டேன்.”

“தன்னடக்கம்! இதத்தான் தலைவர் சொன்னா. கேளுங்கோ, விழாவுக்கு வந்தா அம்மாவோட மனுவுல மேடையிலயே கையெழுத்தாயிடும். விருதாளர் குடும்ப ஒதுக்கீடுன்னு ஒண்ணு இருக்கு. நேத்திக்குத்தான் உண்டாக்கினோம்.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியே தட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார். காஸ்பர் போனான். மரத்துப்போன ஆளை எங்கே கூப்பிட்டாலும் போவான்.

அரங்கத்தில் முன்வரிசை முழுக்க வாரியத்தின் குழுக்கள். புள்ளி நீக்கக் குழு, புள்ளி அனுமதிக் குழு, இரண்டுக்கும் நடுவே சமரசக் குழு. மூன்றிலும் அதே ஆட்கள் இருந்ததால் நாற்காலி மிச்சமாயிற்று. தலைவர் ஒரு மணி நேரம் பேசினார். “புள்ளி என்பது என்ன? ஓர் எழுத்தின் குரலை அடக்குவது. அடக்குமுறைக்கு இந்த வாரியம் இடம் தராது,” என்றபோது பலத்த கைதட்டல். காஸ்பருக்குப் பொன்னாடை போர்த்தி, ‘ஓலை மரபுச செமமல காஸபர’ என்று பொறித்த கேடயத்தைக் கொடுத்து, ஒரு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

ஒலிவாங்கியின் முன்னால் நின்றான். விளக்கு வெளிச்சத்தில் யார் முகமும் தெரியவில்லை. அப்பா இருந்தால் மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்து, அவன் பேசி முடிப்பதற்குள் முதல் ஆளாகக் கை தட்டியிருப்பார் என்று நினைத்தான். நினைத்ததும் எப்போதும் போல நினைவு அப்படியே நின்றது, மேலே வரவில்லை. வாய் தானாகத் திறந்தது.

“புதிய பதிப்புக்கு மாறவும்,” என்றான்.

அரங்கத்தில் கூரை இடிகிற மாதிரி கைதட்டினார்கள். பழமையின் புதிய பதிப்பு! தலைவர் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த வாக்கியத்தை வாரியத்தின் கொள்கை முழக்கமாக அந்த மேடையிலேயே அறிவித்தார்கள். இரண்டு நாளில் தி.நகர் மேம்பாலத்தின் தூண்களில் எல்லாம் ‘புதிய பதிபபுககு மாறவும’ என்று பேனர் தொங்கியது. செயலி மட்டும் பழைய பதிப்பிலேயே இருந்தது.

சொன்னபடி மேடையில் கையெழுத்தும் ஆயிற்று. வாரியம் வாக்குத் தவறவில்லை, இதை ஒத்துக்கொள்ள வேண்டும். மறுநாள் நாகராஜிடமிருந்து போன் வந்தது.

“சார், அனுமதி வந்துட்ச்சு! எல்லாப் புள்ளியும் வெச்சிக்கலாமாம். சீல் கீல் எல்லாம் கீது.”

காஸ்பர் மூச்சை விட்டான்.

“ஆனா சார்,” என்றார் நாகராஜ், “கூடவே படமும் வந்துகீது. அதுல புள்ளி இல்லியே.”

இருக்காது. அனுமதியை அனுப்பியது அதே செயலி. புள்ளி வைக்கலாம் என்ற ஒப்புதலையும் புள்ளி வைக்காமலே வரைந்து கொடுத்தது. ‘புளளி வைகக அனுமதி வழஙகபபடுகிறது’ என்று மேலே. கீழே ‘ஃபிரெடரிக.’ காஸ்பர் பத்ரிநாராயணனைக் கூப்பிட்டான். அவர் உண்மையிலேயே குழம்பிப்போனார். “அனுமதி கொடுத்தாச்சே ஸார், இன்னும் என்ன குறை? படத்தை மாத்தறது எங்க கையில இல்லை. அதை உங்க சிலேட்டுன்னா வரையறது? நீங்க வேணா எதிர்மனுதாரர்கிட்ட ஒரு புகார் கொடுங்கோ.”

கல்லறைத் திருநாளுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. காஸ்பர் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போது தன் குரல் வானிலை அறிக்கை மாதிரி இருப்பது அவனுக்கே கேட்டது.

“என் சிலேட்டுதான்மா. நான் எழுதினதுதான் டாடி பேர்ல இருந்து புள்ளிய எடுக்குது. நானே சரி பண்ணிட்டேன். ஆனா சரி பண்ணது டாடி வரைக்கும் வந்து சேரல.”

டீச்சர் நாகராஜ் அனுப்பிய படத்தை இன்னொரு தரம் வாங்கிப் பார்த்தார்.

“படத்துல உள்ளபடியே வெட்டச் சொல்லு,” என்றார்.

“அம்மா?”

“வெட்டச் சொல்லுடா. அந்தாளு லைசென்ஸ் போகக் கூடாது. எழுத்துக்கு மேல கொஞ்சம் எடம் விட்டு வெட்டச் சொல்லு. அது போதும்.”

நவம்பர் இரண்டாம் தேதி சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் நிற்க இடமில்லை. எங்கே பார்த்தாலும் சாமந்தி, ஊதுபத்தி, அழுகிற பெரியவர்கள், கல்லுக்குக் கல் தாவுகிற பிள்ளைகள். ஃபாதர் ஒவ்வொரு வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். ஃபிரெட்ரிக்கின் கல் புதுசாக, கறுப்பாக, படுத்த வாக்கில் இருந்தது. எழுத்துகள் நன்றாகத்தான் விழுந்திருந்தன. தலையில் ஒன்றும் இல்லாமல், தொப்பி தொலைந்த மனிதர்கள் மாதிரி வரிசையாக நின்றன.

டீச்சர் பையிலிருந்து மெழுகுவத்திக் கட்டைப் பிரித்தார். விரல் உயரச் சின்ன மெழுகுவத்திகள். முட்டி வலியோடு குனிந்து, முதல் மெழுகுவத்தியைக் கொளுத்தி, ட-வின் தலைமேல் விட்டிருந்த இடத்தில் இரண்டு சொட்டு ஒழுகவிட்டு, அதன்மேல் நிறுத்தினார். அடுத்தது க-வின் தலையில். அப்புறம் காஸ்பரைப் பார்த்தார்.

“என்னடா மரம் மாதிரி நிக்கற? அடுத்த வரிய நீ வை.”

காஸ்பர் மண்டியிட்டான். ண-வுக்கு ஒன்று. ல-வுக்கு ஒன்று. துயில்கிறாரில் இரண்டு. பத்து வருஷமாக உலகத்தில் உள்ள போன்களில் எல்லாம் புள்ளி வைத்தவன், கையால் ஒன்றும் வைத்ததில்லை. கடைசி மெழுகுவத்தியைச் சாய்த்தபோது கடற்காற்று அடித்தது. உருகிய மெழுகு அவன் கட்டைவிரலில் வழிந்தது.

சுட்டது.

அம்மா என்று கத்திவிட்டான். பக்கத்துக் கல்லறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விரலை வாயில் வைத்துக்கொண்டு, அந்தச் சின்னச் சூட்டுக்கு ஆகிற அளவை விட மிக அதிகமாக அவன் அழுதான். சட்டைப் பொத்தான் பாதி போட்டபடி இருந்த அப்பாவை நினைத்து அழுதான். மீதிப் பொத்தானைத் தான்தான் போட்டுவிட்டோம் என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. டீச்சர் அவன் தலைமேல் கையை வைத்துக்கொண்டு, கல்லைப் பார்த்து, வகுப்பில் படிக்கிற மாதிரி நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

“ஃபிரெட்ரிக். ஆண்டவரில் துயில்கிறார்.”

ஓர் எழுத்தும் தப்பவில்லை.

நாகராஜ் அங்கேதான் இருந்தார். வேலை முடிந்த கல்லைப் படமெடுக்க வந்தவர், போனை எடுத்தார்.

“எடுக்காதீங்க,” என்றான் காஸ்பர். “உங்களுக்குப் பிரச்சின வரும்.”

“நான் வெட்னது படத்துல உள்ளபடி கீது சார்,” என்றார் நாகராஜ். “மேல கீறது மெழுவத்தி. மெழுவத்திக்கு லைசென்ஸ் இல்லியே.” எடுத்து, அனுப்பியும் விட்டார்.

வாரியம் ஆபீஸ் நேரம் முடிந்த பிறகும் விழித்திருந்தது. ஃபாதர் அடுத்த வரிசைக்குப் போவதற்குள் காஸ்பரின் போன் அதிர்ந்தது. சிலேட்டின் புகார்ப் பக்கத்தில் புதிதாக ஒன்று வந்திருந்தது, நாகராஜின் படத்தோடு. அனுப்பியவர் உதவி நெறியாளர் பத்ரிநாராயணன். ‘எங்கள் ஒப்புதல் பெற்ற கல் ஒன்றில் புள்ளிகள் வருகின்றன. இது கடுமையான பிழை. உடனடியாகச் சரிசெய்யவும்.’

“யாருடா?” என்றார் டீச்சர்.

“வாரியம். புள்ளி வருதாம்.”

காற்றில் க-வின் மேலிருந்த மெழுகுவத்தி அணைந்திருந்தது. டீச்சர் இன்னொன்றிலிருந்து அதைக் கொளுத்தி, உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார்.

“வரட்டும்,” என்றார்.

காஸ்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுடாத விரலால் அதையே பதிலாக எழுதினான். ‘வரட்டும்.’ எழுதி, புகாரை மூடினான்.